வீட்டுக் காய்கறி – 9: விரல் சொல்லும் கணக்கு

பாத்தி கட்டியாயிற்று, பைகளில் மண் கலவை நிரப்பியாயிற்று, போன வாரம் நாற்றும் நட்டாயிற்று. இனி அறுவடை வரைக்கும் அன்றாடம் யோசிக்க வேண்டிய வேலை தண்ணீர் ஒன்றுதான். உரத்துக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். பூச்சிக்கு வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். தண்ணீருக்கு அப்படி ஒரு நாட்காட்டி கிடையாது. வீட்டுத் தோட்டங்களில் செடிகள் சாவதற்கு நான் கண்ட காரணங்களில் பூச்சிக்கும் நோய்க்கும் முன்னால் நிற்பது தண்ணீர்தான். அதிலும் காய்ந்து செத்தவற்றைவிட, ஆசை ஆசையாக ஊற்றி ஊற்றி வேர் அழுகிச் செத்தவையே அதிகம்.

“ஒரு செடிக்குத் தினம் எத்தனை லிட்டர்?” என்று கேட்கிறவர்களுக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் அது யாராவது ஒருவருடைய தோட்டத்துக்குத்தான் பொருந்தும். சாத்தான்குளத்துத் தேரி மணலில் நிற்கிற கத்தரியும், தஞ்சாவூர் வண்டலில் நிற்கிற கத்தரியும், சென்னையில் மொட்டைமாடிப் பையில் நிற்கிற கத்தரியும் ஒரே விதையில் பிறந்திருந்தாலும் கேட்கிற தண்ணீர் வேறு வேறு. ஒரே செடி மார்கழியில் கேட்பதும் சித்திரையில் கேட்பதும்கூட ஒன்றில்லை. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

நல்ல தோட்ட மண்ணைக் கையில் அள்ளினால் அதில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். மண் துகள்களுக்கு நடுவே பெரிய துளைகளும் நுண்ணிய துளைகளும் இருக்கின்றன. தண்ணீர் விட்டதும் எல்லாத் துளைகளும் நிரம்புகின்றன. அடுத்த சில மணி நேரத்தில், களிமண்ணாக இருந்தால் ஓரிரு நாளில், பெரிய துளைகளில் இருந்த நீர் கீழே வடிந்துவிடும். அந்த இடத்துக்குக் காற்று வரும். நுண்ணிய துளைகளில் நீர் தங்கி நிற்கும். பெரிய துளையில் காற்று, சிறிய துளையில் நீர் என்ற இந்த நிலைதான் வேருக்கு வேண்டியது. வேர் மூச்சுவிடும் உறுப்பு. மண்ணுக்குள் வருகிற ஆக்சிஜனைக் கொண்டுதான் அது வளர்கிறது, உப்புகளை உறிஞ்சுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. எனவே துளைகள் முழுக்க நீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் வேர் திணறுகிறது. திணறிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நீரில் நின்றுகொண்டே செடி வாடும்.

வாடியதைப் பார்த்தவுடன் நம் கை செம்பைத் தேடுகிறது. எத்தனையோ கறிவேப்பிலைக் கன்றுகள் இப்படித்தான் போயின. வாட்டம் என்றாலே தாகம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டால் பாதித் தோட்டம் பிழைத்துக்கொள்ளும்.

மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிய விரலைவிட நல்ல கருவி வீட்டுத் தோட்டக்காரருக்கு இல்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு, தண்டை ஒட்டி இல்லாமல் சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் குளிர்ச்சியும் ஒட்டுகிற ஈரமும் தெரிந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேல்மண் வெளுத்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் மேலே பழுப்பாகக் காய்ந்திருக்கும், ஓர் அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். பாத்தியாக இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை களைக்கொத்தால் அரையடி தோண்டி, அந்த ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் உருண்டையாகி, பெருவிரலால் தட்டினால் உதிர்ந்தால் பதமான ஈரம். உருண்டையே பிடிக்காவிட்டால் தண்ணீர் விடும் நேரம். பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிந்தால் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். களிமண் மட்டும் காய்ந்த நிலையிலும் ஓரளவு உருண்டை பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கடைகளில் விற்கிற மலிவான ஈரமானிகள் மண்ணின் மின்கடத்தலை வைத்து முள்ளை நகர்த்துகின்றன; உப்புத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் அவை காய்ந்ததையும் ஈரம் என்று காட்டும். பைகளுக்கு இன்னொரு வழி உண்டு. நன்றாக நனைத்து வடிந்த பிறகு பையை ஒருமுறை லேசாகத் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பழகினால் கையே சொல்லிவிடும்.

இனி எண்ணுக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். தமிழ்நாட்டுக் கோடையில் செடிகள் மூடிய ஒரு சதுர மீட்டர் பாத்தி, மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியாகப் போவதும் சேர்த்து, நாளுக்கு ஐந்திலிருந்து ஏழு லிட்டர் வரை இழக்கும். மார்கழி, தையில் அதில் பாதி போதும். இது வானிலை கேட்கிற கணக்கு. மண் எவ்வளவு சேர்த்து வைக்கும் என்பது அடுத்த கணக்கு. மணல் மிகுந்த செம்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள் செடிக்குக் கிடைக்கக்கூடிய நீர் சதுர மீட்டருக்குச் சுமார் 20 லிட்டர்; களி கலந்த வண்டலில் 50 லிட்டர் வரை இருக்கும். அதில் பாதி தீர்வதற்குள் மறுபடி விட்டுவிட்டால் காய்கறிச் செடி தவிக்காது. கோடையில் நாளுக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால், மணற்பாங்கான பாத்திக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி. வண்டல் பாத்திக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளி. மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான், இடைவெளிதான் மாறுகிறது. மணலில் ஒரேயடியாக இரண்டு வாளியைக் கொட்டினால் பாதி வேருக்குக் கீழே இறங்கி வீணாகும். வண்டலில் தினம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும்.

தினம் தெளிப்பதில் இன்னொரு கேடு இருக்கிறது. ஈரம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வேர் தங்கும். மேலாகவே நனைத்துப் பழக்கிய தக்காளி மேலாகவே வேர் பரப்பி, இரண்டு நாள் வெளியூர் போனால் படுத்துவிடும். ஆழமாக நனைத்து, மேல்மண் காயவிட்டு, மறுபடி ஆழமாக நனைத்து வளர்த்த கத்தரி இரண்டடிக்குக் கீழேயும் தண்ணீர் தேடிக்கொள்ளும். கீரைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இது பொருந்தாது. அவற்றின் வேர் ஓரடிக்குள் அடங்கிவிடும். அவற்றுக்குக் குறைந்த அளவு, அடுத்தடுத்து வேண்டும். அதனால்தான் கீரைப் பாத்தியையும் கத்தரிப் பாத்தியையும் தனித்தனி வரப்புக்குள் வைக்கச் சொன்னேன்.

கடினமான மண்ணில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். வயலில் மடை திறந்து விடுகிறவர்கள் பாத்தி குடித்து முடிக்கும் வரை காத்திருந்துதான் அடுத்த மடைக்கு மாற்றுவார்கள். வீட்டிலும் அதே நிதானம் வேண்டும். பாதி அளவை விட்டு, மற்ற பாத்திகளைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீதியை விடுங்கள். இரண்டாம் முறை விடுகிற நீர் முதல் ஈரத்தின் வழியே எளிதாக இறங்கும்.

மாடிப் பைக்கு இந்தக் கணக்கு அப்படியே ஆகாது. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பை ஏறக்குறைய 22 லிட்டர் கலவை கொள்ளும். அதிலிருந்து செடிக்குக் கிடைக்கும் நீர் நான்கைந்து லிட்டர். ஆனால் அதில் நிற்கிற தக்காளி பையின் விளிம்பைத் தாண்டி இரண்டடி அகலத்துக்கு இலை பரப்பியிருக்கும். வெயில் படுவது இலையின் பரப்பில். குடிப்பது சின்னப் பையிலிருந்து. காய்த்த தக்காளி ஒன்று கோடையில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை இழுத்துவிடும். பக்கச்சுவரில் படுகிற சூடும், மொட்டைமாடிக் காற்றும் இதைக் கூட்டும். ஆகவே பங்குனி முதல் ஆனி வரை பெரிய செடி நிற்கும் பைக்குத் தினம் காலையில் ஒருமுறை விட வேண்டியிருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் மாலையிலும் பார்க்க வேண்டும். அதே பையில் போன வாரம் நட்ட நாற்றுக்கு இந்த அளவு விஷம். செடி வளர வளரத்தான் தண்ணீரும் வளர வேண்டும்.

பையின் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டுகளோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. நனைந்த ஸ்பஞ்சைத் தட்டையாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்து, பிறகு நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மறுபடி நீர் சொட்டும். உயரம் குறைந்தால் அடியில் தேங்குகிற நீரின் பங்கு கூடும் என்பதுதான் காரணம். பைக்குள் இருக்கிற மண்ணும் இப்படியே அடிப்பகுதியில் ஓர் அடுக்கு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஜல்லி போட்டால் அந்தச் சேற்று அடுக்கு ஜல்லியின் தலைக்கு மேல் ஏறி நிற்கும், வேருக்கு இன்னும் நெருக்கமாக. துளையை மண் அடைக்காமல் இருக்க ஓர் ஓட்டுச்சில்லு போதும். பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பது ஜல்லியைவிடப் பல மடங்கு பலன் தரும், தளத்துக்கும் நல்லது.

நார்க்கழிவைப் பற்றிப் போன வாரமே ஒன்று சொல்லியிருக்க வேண்டும், இடமில்லாமல் நின்றுவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கட்டிகளைக் கலந்த பை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. மேலே ஊற்றியது பையின் ஓரமாக ஓடி அடியில் வடிந்துவிடும். நாம் நனைந்துவிட்டது என்று நினைப்போம், நடுவில் தூசியாக இருக்கும். அப்படிக் காய்ந்த பையை அகலமான தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுவதே வழி.

எப்போது விடுவது? விடிந்து வெயில் ஏறுவதற்குள் விடுவதே நல்லது. அன்றைய வெயிலைச் சந்திக்கப் போகும் செடிக்கு வேரடியில் நீர் தயாராக இருக்கும், தப்பித்தவறி இலை நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் மாலையிலேயே விடுங்கள், ஆனால் தூரில் மட்டும். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலையில்தான் பூஞ்சணமும் இலைப்புள்ளிகளும் இறங்குகின்றன. உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் இலைமேல் நிற்கும் துளிகள் பூதக்கண்ணாடி போலச் சுட்டுவிடும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. 2010இல் ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத்தும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி தட்டையாகப் படுத்துவிடுவதால் சூரிய ஒளி இலைக்குள் குவிவதில்லை, இலை கருகவில்லை. மெழுகுபோன்ற ரோமங்கள் துளியை இலையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் ஒரு மிதவைப் பெரணியில் மட்டும் கருகல் வந்தது. எனவே மதியம் பையில் செடி உண்மையாகவே காய்ந்து துவண்டிருந்தால் மாலை வரை காக்க வைக்காதீர்கள், உடனே விடுங்கள். பயப்பட வேண்டியது குழாயைத்தான். வெயிலில் கிடந்த கறுப்பு டியூபுக்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். முதல் அரை வாளியைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

ஆனால் மதிய வாட்டம் எல்லாமே உண்மையான வாட்டம் இல்லை. பீர்க்கை, சுரை, பூசணி போன்ற அகல இலைக் கொடிகள் மண்ணில் ஈரம் இருந்தாலும் இரண்டு மணி வெயிலில் இலையைத் தொங்கப் போடும். இலை வழியாகப் போகும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாததால் வருவது அது; வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலைத்தான் விட வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, “இந்தக் கத்தரிக்குக் காலையிலயும் ஊத்துறேன், சாயந்திரமும் ஊத்துறேன், அப்படியும் வாடுதே, வந்து பாருப்பா” என்று கூப்பிட்டார். இலை பச்சையாகவே துவண்டிருந்தது. மண் நல்ல ஈரம். தண்டைத் தரைக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டுமுகம் நீரில் படும்படி கண்ணாடித் தம்ளருக்குள் பிடித்தோம். சிறிது நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போன்ற மெல்லிய இழை நீருக்குள் இறங்கியது. பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம் அது. நீர்க்குழாய்களுக்குள் பெருகிய கிருமிகள்தான் அந்த இழை. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் இந்த நோய்க்கு ஆளாகும். தண்ணீர் எவ்வளவு விட்டாலும் செடி எழாது. மாறாக, அந்தச் செடியின் தூரிலிருந்து வழியும் நீர் நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இந்தக் குடும்பத்துச் செடிகளை மறுபடி வைக்காமல் கீரையோ வெண்டையோ வைக்கச் சொன்னேன்.

நாற்றுப் பருவத்தில் தேவை மென்மை. கீரை விதை மணல் அளவே இருக்கும். டியூபைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். பூவாளியால், அதன் பூ வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து, மழைபோல விழ விடுங்கள். முளைக்கும் வரை மேல்மண் காயக்கூடாது. முளைத்த பிறகு நேர்மாறாக, லேசாகக் காய விட வேண்டும். எந்நேரமும் ஈரமாக இருக்கும் நாற்றங்காலில் தண்டு தரையோடு அழுகிச் சாய்ந்துவிடும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்ற வயல் வழக்கம் வீட்டுக்கும் பொருந்தும். முதல் தண்ணீர் மண்ணை வேரோடு அணைய வைக்கிறது. இடையில் கிடைக்கும் இரண்டு நாளில் வேர் கொஞ்சம் காற்று வாங்கிப் புதுத்தூவி விடுகிறது.

பூவும் பிஞ்சும் வரும் காலத்தில்தான் தண்ணீர் ஒழுங்கு தவறினால் தண்டனை அதிகம். மிளகாயும் கத்தரியும் பூவை உதிர்க்கும். வெள்ளரி கசக்கும். முள்ளங்கி நார் பாயும். பல நாள் காயவிட்டு ஒரே நாளில் மூழ்கடித்தால் பழுக்கும் தக்காளி வெடிக்கும். உள்ளே சதை வீங்குகிற வேகத்துக்குத் தோல் விரிந்து கொடுக்காது.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல அமுங்கிப் போகிறதே, அந்த நுனி அழுகலைப் பார்த்துப் பலர் மருந்தடிக்கிறார்கள். அதற்குக் கிருமி காரணமில்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும். இலை வழியாக நீர் நிறைய ஆவியாகிறது, அதனால் கால்சியமும் பெரும்பாலும் இலைக்கே போகிறது. காய் கொஞ்சமாகத்தான் நீராவி விடும், அதன் பங்கும் கொஞ்சம். மண் காய்ந்து ஓட்டம் இரண்டு நாள் தடைப்பட்டால் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பிஞ்சின் நுனி பட்டினி கிடக்கிறது. அடையாளம் தெரிவது பிறகுதான். அதைப் பார்த்து முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். முட்டை ஓடு மண்ணில் கரையவே மாதக்கணக்காகும். தவிர, நம் ஊர்க் கிணற்று நீரிலும் மண்ணிலும் பெரும்பாலும் கால்சியத்துக்குக் குறைவில்லை. கறுத்த காயைக் கிள்ளிவிட்டு, ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக வைத்துப் பாருங்கள். அடுத்த கொத்து தெளிவாக வரும்.

தண்ணீர் எவ்வளவு என்பதோடு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். கடலோர ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தெருக்களிலும் உப்புதான் பெரிய தலைவலி. செடி நீரை உறிஞ்சிக்கொள்ளும், மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். பையின் மேல் விளிம்பில் வெள்ளைப் படிவமும் இலை ஓரத்தில் கருகலும் அதன் அடையாளம். பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்காது. மிளகாயும் அதிகம் தாங்காது. தக்காளி ஓரளவு தாங்கும், பீட்ரூட் நன்றாகவே தாங்கும். உப்புத் தண்ணீர் வீட்டில் எதை வளர்ப்பது என்பதை இந்த வரிசையிலிருந்து முடிவு செய்யலாம். அடுத்தது, உப்புத் தண்ணீரைச் சிக்கனமாகத் தொட்டுத் தொட்டு விடுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் பையின் அடியில் கொஞ்சம் வடிகிற அளவுக்கு விட வேண்டும். வடிகிற நீர் உப்பைக் கூட்டிக்கொண்டு போகும். மழைநீரோ நல்ல தண்ணீரோ கிடைக்கும் நாளில் பையின் கொள்ளளவுக்கு நிதானமாக ஊற்றி ஒருமுறை அலசிவிடுங்கள். பிறகு நன்றாகக் காய்கிற வரை விட்டுவிடுங்கள்.

வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பான் தள்ளுகிற கழிவுநீரைச் செடிக்கு விடலாமா? இயந்திரம் மூன்று, நான்கு லிட்டர் உள்ளே எடுத்து ஒரு லிட்டரைக் குடிக்கக் கொடுக்கிறது. மீதி நீரில் உப்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடியிருக்கும். உள்ளே போவது நல்ல ஆற்றுத் தண்ணீர் என்றால் வெளியே வருவதும் செடிக்குப் பொறுக்கும். உள்ளே போவதே உவர்நீர் என்றால் வெளியே வருவதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அடுக்ககங்களில் கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீர் இன்னும் மோசம். சோப்பு நுரைக்கும் என்பதால் நல்ல நீராகத் தெரியும். ஆனால் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைத்து அனுப்புகிறது அது. சோடியம் செடியை வாட்டும், களிமண்ணின் பொலபொலப்பையும் குலைக்கும். இயந்திரத்துக்கு முந்தைய குழாயிலிருந்து பிடிப்பதே சரி.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. மாடித்தோட்டம் வைத்திருந்த பலர் அந்தக் கோடையில் பைகளைக் காலி செய்தார்கள். அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். பத்துப் பைக்குக் கோடையில் நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து லிட்டர் வேண்டும். அரிசி, பருப்பு களைந்தது, காய்கறியும் கீரையும் அலசியது, குளிர்சாதன இயந்திரத்தின் (ஏசி) குழாயில் சொட்டுவது ஆகியவற்றைச் சேர்த்தாலே அதில் பெரும்பகுதி வந்துவிடும். குளிர்சாதன நீரில் உப்பே இல்லை. உவர்நீரோடு கலந்து விட அருமையானது. அரிசி களைந்த நீரை அன்றன்றே விட்டுவிடுங்கள், வைத்தால் புளித்து நாறும். உப்புப் போட்டு வேகவைத்த நீர் கூடாது. பாத்திரம் கழுவிய சோப்பு நீரைக் கீரைக்கும் தக்காளிக்கும் காட்டவே வேண்டாம். பழைய வீடுகளில் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் புழக்கடை வாழையும் கல்வாழையும் சேம்பும்தான். அந்த ஏற்பாடு இன்றைக்கும் சரியானது.

விட்ட நீரைக் காப்பதற்கு மூடாக்கை மிஞ்சியது எதுவும் இல்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன இடமெல்லாம் வலியுறுத்திய காரியம் இது. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, தேங்காய் மட்டைத் துண்டு என்று கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். வெயில் மண்ணைத் தொடாது, மேல்மண் இறுகாது, தண்ணீர் விடும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி நீளும். தண்டைச் சுற்றி நான்கு விரல் அளவு விட்டுவிட வேண்டும். ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். மூடாக்குப் போட்ட பிறகு மேலே பார்த்து ஒன்றும் தெரியாது. விலக்கிவிட்டு விரலை விடுங்கள்.

பானைப் பாசனத்துக்கு வயது அதிகம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலில் அது இருக்கிறது. பூச்சுப் பூசாத சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடிவைத்து, சுற்றிலும் நான்கு செடி வைத்தால் மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். மண் ஈரமாக இருக்கையில் கசிவு தானாகக் குறையும். பாத்தியில் பாகலும் வெள்ளரியும் வைக்கிறவர்கள் கட்டாயம் முயலலாம். உவர்நீரில் பானையின் துளைகள் அடைபடும் என்பது ஒன்றுதான் குறை.

சொட்டுநீர்க் குழாய் போட விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். மாடியிலேயே ஓர் ஆள் உயரத்தில் நிற்கும் தொட்டி தருவது அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. வயலுக்கென்று செய்த பல சொட்டுவான்கள் அந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது; தொட்டிக்குப் பக்கத்துப் பை மூழ்கும், கடைசிப் பை காயும். குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு முனைக்கும் கீழே தம்ளர் வைத்து அளந்து சரிசெய்யுங்கள். நேரக்கருவி பொருத்துவதில் எனக்கு மனமில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவும் என்று தெரியும். ஆனாலும் தண்ணீர் விடப் போகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாம் பிஞ்சைப் பார்க்கிறோம், இலைக்கடியில் அசுவினியைப் பார்க்கிறோம். கருவி வைத்தாலும் தினம் ஒரு நடை போய் வாருங்கள்.

மூன்று நாள் ஊருக்குப் போவதானால், பைகளை நிழலான சுவரோரம் நெருக்கி வையுங்கள், நன்றாக நனைத்து மூடாக்குப் போடுங்கள், முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். உயரத்தில் ஒரு வாளி நீர் வைத்து அதிலிருந்து பருத்திக் கயிற்றுத் திரியை ஒவ்வொரு பை மண்ணுக்குள்ளும் நுழைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

ஐப்பசி, கார்த்திகையில் கவலை திசை மாறும். அடைமழையில் பையின் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வெள்ளமாக வடிந்த பையிலிருந்து தழைச்சத்தும் வடிந்து போயிருக்கும்; மழை விட்டதும் கொஞ்சம் மண்புழு உரம் கொடுக்க வேண்டும். ஆனால் சிறு தூறலை மழை என்று கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்து மில்லிமீட்டர் தூறல் பாத்தியில் ஓரிரு அங்குலத்தைத்தான் நனைக்கும். பையில் அதுவும் நடக்காது. அடர்ந்து படர்ந்த தக்காளி குடை பிடித்தாற்போல நீரைப் பையின் விளிம்புக்கு வெளியே வழியவிடும். சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் பைக்குச் சாரல்கூட எட்டாது. தரை நனைந்து, இலை நனைந்து, வானம் மூடியிருக்கும் நாளில் யாரும் தண்ணீர் விட நினைப்பதில்லை. மழைக்காலத்தில் பைச்செடி காய்ந்து போவது அந்த நாட்களில்தான். தூறல் நின்றதும் சன்ஷேடு ஓரத்துப் பைகளில் முதலில் விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: கொடிகளுக்குப் பந்தல்)